பாலின் காவற்பணி

பால் என்னும் சொல் தமிழர் வாழ்வோடு ஒன்றிக் கலந்த சொல்லாகும். புதுமனை புகும் நாளில் நாம் பால் காய்ச்சுகிறோம். தைப்பூசத் திருநாளில், நம் செலாயாங்கை அடுத்த பத்து மலையில், பால்குடம் ஏந்திய அடியார்கள் படியேறி வருவதை ஆண்டுதோறும் காண்கிறோம். நம் பாட்டன் பாட்டியர் விடியுமுன் பெரட்டுக்குச் சென்று, ரப்பர் மரத்தை வெட்டி, மங்கில் வடித்தெடுத்த வெண்ணிறச் சாற்றையும் 'பால்' என்றே அழைத்தனர்.

அந்த ரப்பர் பாலைப் பற்றி முதலில் சிறிது சிந்திப்போம். அது மரத்தின் உணவன்று. மரத்தின் பட்டை காயப்படும்போது பால் வெளிப்பட்டு உறைந்து, காயத்தை மூடுகிறது. பூஞ்சணம் முதலியவற்றைத் தாக்கி எதிர்க்கும் புரதங்களும் அதில் உள்ளன. ஆகவே, ரப்பர் பால் மரத்தின் காவற்பொருள் எனலாம்.

இனி, தாயின் பாலுக்கு வருவோம். அது குழந்தையின் உணவு என்பதை எல்லாரும் அறிவர். ஆயின், அதுவும் ஒரு காவற்பொருளே என்பதை அறிந்தவர் சிலரே. பசியைத் தீர்ப்பதோடு, நோயைத் தடுத்தல், குடலைப் பண்படுத்தல், நன்மை தரும் நுண்ணுயிர்களை வளர்த்தல், இரவு பகல் வேறுபாட்டை உணர்த்துதல் எனப் பல பணிகளைப் பால் ஆற்றுகிறது. அப்பணிகளை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

ஒவ்வோர் உயிருக்கும் ஒவ்வொரு பால்

குட்டிக்குப் பாலூட்டும் விலங்குகளைப் பாலூட்டிகள் என்கிறோம். மனிதர், பசு, ஆடு, யானை, திமிங்கிலம் ஆகியவை இவ்வினத்தைச் சேர்ந்தவை. பத்து மலைக் குகைகளின் இருளில் தொங்கும் வௌவாலும் பாலூட்டியே. பறந்து திரிந்தாலும் அது பறவை அன்று. குட்டி ஈன்று பாலூட்டி வளர்க்கிறது.

வௌவாலைப் பற்றி நம் நாட்டிலேயே கண்டறியப்பட்ட வியப்பான செய்தி ஒன்று உண்டு. 1992ஆம் ஆண்டில் பகாங் மாநிலத்தின் கிராவ் வனவிலங்குக் காப்பகத்தில், பழந்தின்னி வௌவால் வகை ஒன்றில், ஆண் வௌவால்களின் மார்பிலும் பால் சுரந்திருப்பதை ஆய்வாளர்கள் கண்டனர். இச்செய்தி 1994இல் 'நேச்சர்' என்னும் அறிவியல் இதழில் வெளியாயிற்று. சுரந்த பாலின் அளவு மிகக் குறைவே. எனினும், காட்டில் இயல்பாக வாழும் ஆண் பாலூட்டிகளிடம் பால் சுரப்பதைக் கண்டது அறிவியலாரை வியக்க வைத்தது.

எல்லா உயிர்களின் பாலும் ஒன்று போல் இருப்பதில்லை. குட்டி எங்குப் பிறக்கிறது, எவ்வளவு விரைவாக வளர வேண்டும் என்பவற்றுக்கு ஏற்பப் பாலின் இயல்பு மாறுகிறது. வட கடலில் பனிப்பாறை மீது குட்டி ஈனும் ஒருவகைக் கடல்நாய் நான்கே நாள்கள் பாலூட்டுகிறது. அந்தப் பாலில் நூற்றுக்கு அறுபது பங்கு அளவுக்குக் கொழுப்பு உண்டு. அந்நான்கு நாள்களில் குட்டியின் எடை ஏறத்தாழ இரு மடங்காகி விடுகிறது. குளிரைத் தாங்க அதற்குக் கொழுப்பே போர்வை.

ஆஸ்திரேலியாவில் கங்காரு இனத்தைச் சார்ந்த வாலபி என்னும் விலங்கு இன்னும் வியப்பளிப்பது. அதன் பையில் அண்மையில் பிறந்த சிறு குட்டி ஒரு காம்பைப் பற்றிக் கிடக்கும். பையை விட்டு வெளியேறிய மூத்த குட்டி வேறொரு காம்பில் வந்து குடிக்கும். ஒரே தாய், ஒரே நேரத்தில், இரு குட்டிகளுக்கும் அவற்றின் வயதுக்கேற்ற இரு வேறு பாலைச் சுரக்கிறது.

பசும்பாலையும் தாய்ப்பாலையும் ஒப்பிட்டுப் பார்ப்போம். நூறு கிராம் பசும்பாலில் ஏறத்தாழ 3.3 கிராம் புரதம் உள்ளது. தாய்ப்பாலில் ஏறத்தாழ 1 கிராம்தான். மாறாக, பால் சர்க்கரை தாய்ப்பாலில் ஏறத்தாழ 7 கிராம். பசும்பாலில் 5 கிராமுக்கும் சற்றுக் குறைவு. கன்று பிறந்த அன்றே எழுந்து நிற்கிறது. ஏறத்தாழ ஒன்றரைத் திங்களில் இரு மடங்கு எடை பெறுகிறது. மனிதக் குழந்தை இரு மடங்கு எடை பெற ஏறத்தாழ ஐந்து திங்கள் ஆகின்றன. ஆனால், அதன் மூளையோ மிக விரைவாக வளர்கிறது. கன்றுக்கு ஏற்றது பசும்பால். குழந்தைக்கு ஏற்றது தாய்ப்பால். ஒரு வயது நிரம்பாத குழந்தைக்குப் பசும்பாலை முதன்மைப் பாலாகக் கொடுத்தல் ஆகாது என்று மருத்துவர் கூறுவது இதனால்தான்.

சீம்பாலின் சிறப்பு

தோட்டங்களில் மாடு வளர்த்தவர்களுக்குச் சீம்பாலைப் பற்றிச் சொல்லத் தேவையில்லை. கன்று ஈன்றவுடன் பசு சுரக்கும் மஞ்சள் நிறம் கலந்த, தடித்த முதற்பால் அது. வெல்லமும் ஏலக்காயும் சேர்த்துக் காய்ச்சி உண்போர் உண்டு. ஆயினும், கன்றுக்கு வேண்டியதைக் கொடுத்த பின்னரே நாம் எடுத்துக்கொள்ள வேண்டும் என்பதை அனுபவம் மிக்க மாட்டுக்காரர் அறிவர். அதன் காரணத்தை அறிவியல் இன்று தெளிவாக விளக்குகிறது.

பசுவின் வயிற்றில் இருக்கும்போது, தாயின் நோயெதிர்ப்புப் பொருள்கள் கன்றுக்குச் செல்வதில்லை. நோயை எதிர்க்கும் ஆயுதம் ஏதுமின்றியே கன்று மண்ணில் விழுகிறது. அந்த ஆயுதம் முழுவதும் சீம்பாலில் உள்ளது. கன்றின் குடல், பிறந்த சில மணி நேரம் வரை அப்பொருள்களை அப்படியே இரத்தத்துக்குள் ஏற்றுக்கொள்ளும். ஏறத்தாழ ஒரு நாள் கழிந்தால் அவ்வாயில் மூடிக்கொள்ளும். சீம்பால் குடிக்காத கன்று கழிச்சலுக்கும் காய்ச்சலுக்கும் எளிதில் இரையாவது இதனால்தான்.

மனிதக் குழந்தைக்குத் தாயின் வயிற்றிலேயே ஒருவகை நோயெதிர்ப்புப் பொருள் நஞ்சுக்கொடி வழியாகக் கிடைத்துவிடுகிறது. ஆனால், அது இரத்தத்தில் நின்று காப்பது. வாய், தொண்டை, குடல் ஆகியவற்றின் உட்பரப்பைக் காக்க வேறொரு வகை வேண்டும். அவ்வகையே தாயின் முதற்பாலில் நிறைந்துள்ளது. அது குழந்தையின் இரத்தத்துக்குள் செல்வதில்லை. குடலின் உட்சுவரில் படிந்து நின்று, கிருமிகள் ஒட்டாதவாறு தடுக்கிறது. வீட்டு வாயிலில் நிற்கும் காவற்காரருக்கு அதனை ஒப்பிடலாம்.

இன்னொரு நுட்பமும் உண்டு. தாய் உண்ணும் உணவிலும் பருகும் நீரிலும் உள்ள கிருமிகளைத் தாயின் குடலில் உள்ள காவல் உயிரணுக்கள் அடையாளம் கண்டுகொள்கின்றன. பின்னர் அவற்றுள் சில தாயின் மார்பைச் சென்றடைந்து, அதே கிருமிகளுக்கு எதிரான பொருளை அங்கே உண்டாக்கிப் பாலில் கலக்கின்றன. ஆகவே, குழந்தை எந்த வீட்டில் வளர்கிறதோ அந்த வீட்டுக் கிருமிகளுக்கு எதிரான பாதுகாப்பே அதற்குக் கிடைக்கிறது. இத்தகைய பொருத்தத்தை எந்தத் தொழிற்சாலையாலும் பால்மாவில் அடைத்துத் தர இயலாது.

குழந்தை பிறந்ததும் முதற்பாலைப் பீச்சி வெளியே விட்டுவிட்டு, சீனித் தண்ணீரோ தேனோ நாவில் தடவும் வழக்கம் நம்மவரிடையே சில குடும்பங்களில் இருந்தது. பெரியோர் அன்பினால் செய்த செயல்தான் அது. ஆயினும், மஞ்சள் நிறமாக இருக்கும் முதற்பால் கெட்ட பால் அன்று; அதுவே விலை மதிக்க இயலாத பால். தேனில் சில வேளைகளில் இருக்கும் கிருமி ஒன்று, ஒரு வயதுக்குட்பட்ட குழந்தைக்குப் பெருந்தீங்கு விளைவிக்கக் கூடும் என்பதையும் பெற்றோர் நினைவில் கொள்ளல் வேண்டும்.

குன்றிமணியும் சுண்டெலியும்

பால் வழியாக நோயெதிர்ப்புச் செல்கிறது என்பதை எவ்வாறு கண்டுபிடித்தனர்? அது சுவையான வரலாறு. நம் வீடுகளில் பல்லாங்குழி ஆடவும், பொற்கொல்லர் பொன் நிறுக்கவும் பயன்பட்ட குன்றிமணியை நாம் அறிவோம். சிவப்பும் கறுப்புமாக அழகாய் இருக்கும் அந்த விதைக்குள் கொடிய நஞ்சு உண்டு. ஆமணக்கு விதையிலும் அது போன்ற நஞ்சு உண்டு. (மாணவர்கள் இவ்விதைகளை ஒருபோதும் வாயில் இட்டு மெல்லலாகாது.)

ஜெர்மனி நாட்டு அறிஞர் பால் எர்லிக் என்பார் இந்நஞ்சுகளைச் சுண்டெலிகளுக்கு மிகச் சிறு அளவில் தொடங்கி, சிறிது சிறிதாகக் கூட்டிக் கொடுத்தார். அச்சுண்டெலிகள் நஞ்சைத் தாங்கும் வல்லமை பெற்றன. அவை ஈன்ற குட்டிகளும் சில காலம் நஞ்சைத் தாங்கின. இந்த வல்லமை கருவில் வந்ததா, பாலில் வந்ததா என்னும் வினா எழுந்தது. விடை காண, எர்லிக் தாய்களை மாற்றினார். வல்லமை இல்லாத தாயின் குட்டிகளை, வல்லமை பெற்ற தாயிடம் பால் குடிக்க விட்டார். அக்குட்டிகளும் நஞ்சைத் தாங்கின! பாலின் வழியாகவே பாதுகாப்புச் சென்றது என்பது ஐயமின்றி விளங்கிற்று. இவ்வாய்வை அவர் 1892இல் வெளியிட்டார். 1908இல் நோயெதிர்ப்பு ஆராய்ச்சிக்காக அவருக்கு நோபல் பரிசு வழங்கப்பட்டது.

பாலில் உள்ள காவலர்கள்

பாலில் உள்ள மற்றக் காவலர்களையும் அறிமுகம் செய்துகொள்வோம்.

முதலாவது, லாக்டோபெரின். இஃது ஒரு புரதம். கிருமிகள் பெருகுவதற்கு இரும்புச் சத்து வேண்டும். லாக்டோபெரின் பாலில் உள்ள இரும்பைத் தான் இறுகப் பற்றிக்கொண்டு, கிருமிக்குக் கிடைக்காதவாறு செய்துவிடுகிறது. பகைவனின் கோட்டைக்குச் செல்லும் அரிசி மூட்டையைத் தடுப்பது போன்ற உத்தி இது.

இரண்டாவது, லைசோசைம். நம் கண்ணீரிலும் உமிழ்நீரிலும் உள்ள பொருள் இது. பென்சிலினைக் கண்டுபிடித்த அலெக்சாண்டர் பிளெமிங், அதற்குச் சில ஆண்டுகள் முன்னரே இதனைக் கண்டறிந்து பெயரிட்டார். இது கிருமியின் வெளிச்சுவரை அறுத்து அழிக்கிறது. பசும்பாலைவிடத் தாய்ப்பாலில் இது பன்மடங்கு மிகுதி. இதன் உறவுப் பொருள் ஒன்றும் பாலில் உண்டு. பால் சர்க்கரையை உண்டாக்க உதவும் புரதம் அது. தொல் பழங்காலத்தில் கிருமியை அழித்த புரதமே காலப்போக்கில் மாறி, சர்க்கரை ஆக்கும் புரதம் ஆயிற்று என்பதை அறிவியலார் அவற்றின் அமைப்பை ஒப்பிட்டுக் கண்டுள்ளனர். உணவுப்பணியும் காவற்பணியும் ஒரே குடும்பத்தில் பிறந்தவை என்பது எத்துணைப் பொருத்தம்!

மூன்றாவது, உயிருள்ள வெள்ளணுக்கள். தாயின் இரத்தத்தில் உள்ள காவல் அணுக்கள் பாலிலும் உயிரோடு உள்ளன. முதற்பாலில் மிகுதியாக உள்ளன.

நான்காவது, வளர்ச்சிப் பொருள்கள். பிறந்த குழந்தையின் குடற்சுவர் முற்றாதது. அதை விரைவில் வளர்த்து உறுதியாக்கும் பொருள்கள் பாலில் உள்ளன. குறைமாதத்தில் பிறந்த குழந்தைகளுக்குக் குடல் அழுகும் கொடிய நோய் வருவதுண்டு. தாய்ப்பால் பெறும் குழந்தைகளிடம் அந்நோய் குறைவாகக் காணப்படுகிறது.

ஐந்தாவது, இரவுக்குரிய பொருள். இருள் சூழ்ந்ததும் நம் மூளை உறக்கத்துக்கு உதவும் மெலடோனின் என்னும் பொருளைச் சுரக்கிறது. தாயின் இரவுப் பாலில் அது காணப்படுகிறது; பகற்பாலில் இல்லை எனும் அளவுக்குக் குறைவு. பிறந்த குழந்தைக்கு இரவு எது, பகல் எது எனத் தெரியாது. தாய் அதனைப் பாலின் வழியாகவே உணர்த்துகிறாள் போலும்!

குழந்தைக்குச் செரிக்காத சர்க்கரை

தாய்ப்பாலில் மிகுதியாக உள்ள திடப்பொருள்கள் பால் சர்க்கரையும் கொழுப்பும் ஆகும். அடுத்த இடம் புரதத்துக்கு என்று நினைப்போம். அன்று, மூன்றாம் இடம் ஒருவகைக் கூட்டுச் சர்க்கரைகளுக்கு உரியது. அவற்றுள் நூற்றைம்பதுக்கும் மேற்பட்ட வகைகள் உள்ளன. இதில் புதிர் என்னவெனில், குழந்தையால் அவற்றைச் செரிக்க இயலாது! குழந்தைக்குப் பயன்படாத பொருளை ஏன் தாய் இவ்வளவு பாடுபட்டு ஆக்க வேண்டும்?

விடை, குழந்தையின் குடலில் வாழும் நுண்ணுயிர்களில் உள்ளது. 1900ஆம் ஆண்டளவில் பிரான்சு நாட்டு ஆய்வாளர் ஆன்றி திசியே, தாய்ப்பால் உண்ணும் குழந்தைகளின் மலத்தில் ஒருவகை நன்மை தரும் நுண்ணுயிர் மிகுந்திருப்பதைக் கண்டார். அந்த நுண்ணுயிர்களுக்கு உணவாவதே இந்தக் கூட்டுச் சர்க்கரை எனப் பின்வந்தோர் ஆராய்ந்து அறிந்தனர். நன்மை தரும் நுண்ணுயிர் பெருகிக் குடலில் இடம் பிடித்துக்கொண்டால், தீய கிருமிக்கு அங்கே இடமில்லை. தாய் ஒரே பாலில் இருவருக்கு உணவூட்டுகிறாள்: ஒருவர் குழந்தை, மற்றவர் குழந்தையைக் காக்கும் நுண்ணுயிர்.

இச்சர்க்கரைகளுக்கு வேறொரு பணியும் உண்டு. தீய கிருமிகள் குடற்சுவரில் உள்ள சில சர்க்கரை முனைகளைப் பற்றிக்கொண்டே உள்ளே நுழைகின்றன. பாலில் உள்ள கூட்டுச் சர்க்கரை அம்முனைகளைப் போலவே தோன்றுவதால், கிருமி ஏமாந்து அதனைப் பற்றிக்கொள்கிறது. பின்னர் மலத்தோடு வெளியேறி விடுகிறது. பசும்பாலில் இச்சர்க்கரைகள் மிகக் குறைவு.

மலாயாவில் எழுந்த குரல்

இவ்வளவும் அறிவியல் நூலுக்கு மட்டும் உரியவை அல்ல. நம் நாட்டின் வரலாற்றோடு இதற்குத் தொடர்பு உண்டு.

தோட்ட வாழ்க்கையை நினைத்துப் பார்ப்போம். தாய் விடியுமுன் எழுந்து, கைக்குழந்தையை ஆயாக் கொட்டகையில் விட்டுவிட்டு, பால் மரம் வெட்டச் சென்றாள். மரத்துப் பாலை வாளி வாளியாகச் சுமந்தவளுக்குத் தன் மார்புப் பாலைக் குழந்தைக்குக் கொடுக்க நேரம் கிட்டவில்லை. அவ்விடத்தை டின் பால் பிடித்தது. கட்டிப்பால் எனப்படும் அந்தச் சர்க்கரைப் பாலைத் தண்ணீரில் கரைத்துப் புட்டியில் ஊற்றிக் கொடுத்தனர். அதில் சர்க்கரையே நாற்பது விழுக்காட்டுக்கு மேல். குழந்தையைக் காக்கும் பொருள் எதுவும் அதில் இல்லை. கலந்த தண்ணீரும் கழுவாத புட்டியும் நோயைக் கொண்டுவந்தன. வயிற்றுப்போக்கு பல குழந்தைகளைக் கொண்டுபோயிற்று.

1936இல் மலாயாவுக்கு வந்த மருத்துவர் சிசிலி வில்லியம்ஸ் அம்மையார் இந்நிலையைக் கண்டு வருந்தினார். இவர் முன்னர் ஆப்பிரிக்காவின் தங்கக் கடற்கரையில் பணியாற்றி, புரதக் குறைவால் குழந்தைகளுக்கு வரும் குவாஷியோர்க்கர் நோயை உலகுக்கு எடுத்துரைத்தவர். தாதியர் போல் உடை உடுத்திய பெண்கள் வீடு வீடாகச் சென்று, டின் பாலே சிறந்தது எனத் தாய்மாரிடம் கூறி வந்ததை அவர் சிங்கப்பூரில் கண்டார். 1939இல் சிங்கப்பூர் ரோட்டரி கழகத்தில் 'பாலும் கொலையும்' என்னும் தலைப்பில் உரையாற்றினார். குழந்தை உணவைப் பற்றிய தவறான விளம்பரத்தால் நேரும் சாவுகளைக் கொலையாகவே கருத வேண்டும் என அஞ்சாது முழங்கினார். போர்க்காலத்தில் ஜப்பானியரின் சிறையில் துன்புற்று மீண்ட அவர், 1948இல் உலகச் சுகாதார நிறுவனத்தின் தாய் சேய் நலப் பிரிவுக்கு முதல் தலைவரானார்.

அவர் எழுப்பிய குரல் வீண்போகவில்லை. 1979இல் மலேசியாவில் குழந்தைப் பால்மாவு விற்பனைக்கு ஒழுக்கநெறி விதிகள் வகுக்கப்பட்டன. 1981 மே மாதத்தில் உலகச் சுகாதாரப் பேரவை, தாய்ப்பாலுக்கு மாற்றான பொருள்களின் விற்பனை பற்றிய அனைத்துலக நெறியை ஏற்றுக்கொண்டது. 1993இல் மலேசியா தேசியத் தாய்ப்பால் கொள்கையை வகுத்தது. 1998இல் நம் நாட்டின் அரசாங்க மருத்துவமனைகள் யாவும் குழந்தை நேய மருத்துவமனைகள் என அறிந்தேற்பைப் பெற்றன. 1957இல் தீபகற்பத்தில் பிறந்த ஆயிரம் குழந்தைகளுள் ஏறத்தாழ 75 குழந்தைகள் ஓராண்டு நிரம்பும் முன்னரே மாண்டன. இன்று அவ்வெண் பத்துக்கும் கீழே இறங்கியுள்ளது. தூய நீர், தடுப்பூசி, மருத்துவ வசதி, தாய்மாரின் கல்வி எனப் பல காரணங்கள் இதற்கு உண்டு. தாய்ப்பாலும் அவற்றுள் ஒன்று.

நாம் செய்யத் தக்கவை

இன்று நம் தாய்மாருள் பலர் தோட்டத்தை விட்டுத் தொழிற்சாலைக்கும் கடைக்கும் அலுவலகத்துக்கும் செல்கின்றனர். இடம் மாறினும் இடர் மாறவில்லை. ஆகவே, பின்வருவனவற்றை மனத்திற் கொள்வோம்:

1. குழந்தை பிறந்த ஒரு மணி நேரத்துக்குள் பாலூட்டத் தொடங்குதல் வேண்டும். முதற்பாலை வீணாக்கலாகாது.

2. முதல் ஆறு திங்களுக்குத் தாய்ப்பால் மட்டுமே போதும். தண்ணீரும் வேண்டியதில்லை. அதன் பின் ஏற்ற உணவோடு இரண்டு வயதும் அதற்கு மேலும் பாலூட்டலாம்.

3. 2023 சனவரி முதல் நாளிலிருந்து தீபகற்ப மலேசியாவில் மகப்பேற்று விடுமுறை 60 நாள்களிலிருந்து 98 நாள்களாக உயர்த்தப்பட்டுள்ளது. இவ்வுரிமையைத் தாய்மார் அறிந்து பயன்படுத்துதல் வேண்டும்.

4. வேலைக்குத் திரும்பும் தாய்மார் பாலைத் தூய கலத்தில் பீச்சி எடுத்து வைக்கலாம். நம் நாட்டு வெப்பத்தில் அதனை வெளியே நான்கு மணி நேரத்துக்கு மேல் வைத்தலாகாது. குளிர்ப்பெட்டியில் நான்கு நாள்கள் வரை வைக்கலாம்.

5. கட்டிப்பால் தேநீருக்கு உரியது, குழந்தைக்கு உரியதன்று.

6. நோயினாலோ வேறு காரணத்தாலோ பாலூட்ட இயலாத தாய்மாரும் உளர். அவர்களைக் குறை கூறுதல் முறையன்று. மருத்துவரின் அறிவுரைப்படி, கொதித்த நீரில், குறித்த அளவில் கலந்த குழந்தைப் பால்மாவைக் கொடுத்தல் வேண்டும். செலவைக் குறைப்பதற்காக மாவைக் குறைத்து நீரைக் கூட்டுதல் குழந்தையின் வளர்ச்சியைக் கெடுக்கும்.

7. பாலூட்டும் தாய்க்கு நல்ல உணவும் ஓய்வும் வேண்டும். தந்தையர் வீட்டு வேலைகளில் பங்குகொண்டால் தாய்க்கு அந்த ஓய்வு கிட்டும்.

மாணவச் செல்வங்களே! உங்கள் வீட்டில் தம்பியோ தங்கையோ பிறந்திருந்தால், அம்மா பாலூட்டும் வேளையில் வீட்டை அமைதியாக வைத்திருங்கள். அருந்தத் தண்ணீர் கொண்டுவந்து கொடுங்கள். படிக்க இயலாத பாட்டியோ அத்தையோ வீட்டில் இருந்தால், சீம்பாலைப் பற்றிய பகுதியையாவது அவர்களுக்குப் படித்துக் காட்டுங்கள். அடுத்து நம் குடும்பத்தில் பிறக்கும் குழந்தைக்கு முதற்பால் முழுமையாகக் கிடைக்கட்டும்.